அத்தையின் விசா படத்தை வீட்டிலேயே எடுக்கலாம்

கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

"வணக்கம் அண்ணா. என் மாமியாருக்கு 71 வயது. அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தனார் வீட்டுக்குப் போக அவருக்கு விசா விண்ணப்பம் போடுகிறோம். டவுனுக்கு வந்து ஸ்டூடியோவில் உட்கார அத்தைக்குக் கூச்சம். அதனால் வீட்டிலேயே ஃபோனில் எடுத்தேன். பின்னால் பச்சைச் சுவர் என்பதால் ஒரு ஆப்பில் போட்டு வெள்ளையாக மாற்றினேன். அக்கா மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவன் இணையத்தில் ஏற்றியபோது படம் ஏற்கப்படவில்லை என்று வந்துவிட்டது. வீட்டு பிரிண்டரில் போட்டால் அளவும் சிறிதாக வருகிறது. அத்தை எப்போதும் தலையில் வெள்ளைத் துணி கட்டுபவர், அதை எடுக்க வேண்டுமா? தங்கையின் எட்டு மாதக் குழந்தைக்கும் பாஸ்போர்ட் போடுகிறோம், அந்தப் படத்தையும் வீட்டிலேயே எடுக்கலாமா?"

வணக்கம்மா.

எடுக்கலாம், இரண்டையும் வீட்டிலேயே எடுக்கலாம். குன்னூரில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டூடியோ வைத்திருப்பவன்தான் சொல்கிறேன். விசா படத்துக்குப் பெரிய கேமராவும் குடை விளக்கும் அவசியமில்லை. எடுக்கும்போதே சரியாக எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். எடுத்த பிறகு சரிசெய்யப் போகிற இடத்தில்தான் படங்கள் திரும்பி வருகின்றன. உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

அந்த ஆப் பச்சைச் சுவரை வெட்டும்போது அத்தையின் தலைமுடி ஓரத்தையும் காது விளிம்பையும் கொஞ்சம் சேர்த்தே வெட்டியிருக்கும். நரைத்த முடியும் வெள்ளைத் துணியும் இருந்தால் எது தலை, எது பின்னணி என்று அதற்குப் புரியாது. பல ஆப்கள் கேட்காமலே முகத்தை வழுவழுப்பாக்கி, நிறத்தையும் வெளுப்பாக்கிவிடும். முகத் தோற்றத்தை மாற்றிய படத்தை அமெரிக்க விசாவுக்கு ஏற்பதில்லை. படத்தை வெட்டலாம், சுருக்கலாம், சாய்ந்திருந்தால் நிமிர்த்தலாம். முகத்தையும் பின்னணியையும் தொடக்கூடாது.

இந்தப் பாடம் எனக்கும் லேசாக வரவில்லை. நெகட்டிவில் பென்சில் வைத்து முகச் சுருக்கத்தையும் தழும்பையும் அழிக்கும் 'ரீடச்சிங்' வேலையைக் கற்றுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். படத்தை அழகாக்கித் தருவதுதான் தொழில் என்று மனதில் ஊறிப்போயிருந்தது. கம்ப்யூட்டர் வந்த புதிதில், மகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பிய ஒரு எஸ்டேட் பெரியவருக்கு, பின்னால் தெரிந்த திரைச்சீலையை அழித்து வெள்ளையாக்கி, கண்ணுக்குக் கீழே இருந்த கருமையையும் எடுத்துக் கொடுத்தேன். விசா அலுவலகத்தில் படம் சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். மேட்டுப்பாளையம் இறங்கி, ராத்திரி ரயிலேறி, சென்னை போய், அதே வழியில் திரும்பி வந்து, மறுபடியும் போனார் அவர். அந்த வயதில் அந்த அலைச்சலை அவருக்குக் கொடுத்தது என் கைவேலை. அதற்குப் பிறகு பாஸ்போர்ட், விசா படங்களில் ஒரு மருவைக்கூட நான் அழித்ததில்லை.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம்.

நம் மலையில் இந்தப் படத்துக்கு ஏற்ற விளக்கு இலவசமாகக் கிடைக்கிறது. மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிய பகல் நேரம்தான் அது. வெயில் நேரே முகத்தில் விழுந்தால் மூக்குக்குக் கீழேயும் கண்குழியிலும் கறுப்பாக நிழல் கட்டும், கண்ணும் கூசிச் சுருங்கும். மஞ்சு மூடியிருக்கும்போது வானம் முழுக்க ஒரே வெள்ளை விளக்காகி, முகத்தில் எல்லாப் பக்கமும் சமமாக ஒளி விழுகிறது. ஸ்டூடியோவில் நாங்கள் பெரிய துணிப்பெட்டி மாட்டிய விளக்கால் செய்ய முயல்வதும் இதைத்தான். காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு வரை, மேகமூட்டமான ஒரு நாளில் எடுங்கள்.

ஆனால் வாசலில் உட்காரவைத்து எடுக்கும்போது இரண்டு நிறங்கள் ஏமாற்றும். மேகமூட்டத்திலும் நிழலிலும் ஒளி கொஞ்சம் நீலமாக இருப்பதால் முகம் குளிரில் விறைத்ததுபோல் தெரியும். ஃபோன் கேமராவில் ஒயிட் பேலன்ஸ் (ஒளியின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) மாற்றும் வசதி இருந்தால் மேகம் போட்ட குறியைத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று பச்சை. வீட்டுக்கு எதிரே தேயிலைச் சரிவோ புல்தரையோ இருந்தால் அந்தப் பச்சை தாடையிலும் கழுத்திலும் எதிரொளிக்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். அதனால் உள்ளே வந்து, ஜன்னலைப் பார்த்து உட்காரவைப்பதே நல்லது. குண்டு பல்பு, டியூப் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மஞ்சள் வெளிச்சமும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் முகம் பாதி மஞ்சள், பாதி நீலமாகிவிடும். ஃபிளாஷும் வேண்டாம்.

அத்தை ஜன்னலை நேராகப் பார்த்து உட்கார வேண்டும். நீங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி, வெளிச்சத்தை மறைக்காமல் கொஞ்சம் குனிந்து நில்லுங்கள். நம் பக்கத்து வீடுகளில் ஜன்னல் சிறிதாகத்தான் இருக்கும். வெளிச்சம் ஒரு பக்கமாக மட்டும் வந்தால் மறு கன்னத்துப் பக்கம், படத்தில் விழாத தூரத்தில், ஒரு தெர்மோகோல் அட்டையை யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். அந்த வெள்ளை, வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

பின்னணிக்கு உங்கள் வீட்டிலேயே ஒரு வெள்ளை வேட்டி இருக்கும். கரையை மடித்து உள்ளே தள்ளி, நன்றாக இஸ்திரி போட்டு, சுவரில் இழுத்துக் கட்டுங்கள். மடிப்புக் கோடுகள் தெரியக்கூடாது. ஒற்றை வேட்டியில் பச்சை ஊடுருவித் தெரிந்தால் இரண்டாக மடித்துப் போடுங்கள். அத்தை அந்தத் துணியில் சாயாமல் மூன்றடியாவது முன்னால் தள்ளி உட்காரட்டும். தோள் நிழல் துணியில் விழுவதால்தான் நிறைய படங்கள் தள்ளுபடியாகின்றன. வெள்ளைப் பின்னணி என்பதால் வெள்ளைச் சேலையும் கூடாது, தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும். நீலம், மெரூன், கரும்பச்சை எதுவும் சரி. ஸ்வெட்டர் போடலாம், மஃப்ளர் வேண்டாம்.

ஃபோனைப் பிடிக்கும் தூரத்தில் பலர் தவறுகிறார்கள். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒடுங்கி, ஆள் அடையாளமே மாறிவிடும். நாலைந்து அடி தள்ளி நின்று பின்பக்கக் கேமராவில் எடுங்கள், செல்ஃபி கேமரா வேண்டாம். இரண்டு மடங்கு லென்ஸ் தனியாக இருக்கும் ஃபோன் என்றால் அதைப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் சாதாரணமாகவே எடுங்கள். இப்போதைய ஃபோன் படங்களில் பிக்சல் தாராளம், பிறகு வெட்டிக்கொள்ளலாம். லென்ஸ் அவர் கண் உயரத்தில் இருக்கட்டும். தலைக்கு மேலும் தோளுக்கு இருபுறமும் நிறைய இடம் விட்டு எடுங்கள். ஃபோனில் பியூட்டி, போர்ட்ரெய்ட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். போர்ட்ரெய்ட் பின்னணியை மங்கலாக்கும்போது காதோரத்தையும் தின்றுவிடும்.

எடுக்கும் முன் லென்ஸை ஒருமுறை துடையுங்கள். குளிரில் கிடந்த ஃபோனை, சோறு கொதித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் கொண்டுவந்தால் கண்ணாடியில் ஆவி படியும். பத்து நிமிஷம் வைத்திருந்து எடுத்தால் போதும். அத்தையும் வெளியிலிருந்து வந்த உடனே உட்கார வேண்டாம். குளிர்காற்றில் கண் கலங்கி மூக்கு சிவந்திருக்கும். ஒரு டீ குடித்து ஆசுவாசமாகட்டும். முகத்தில் எண்ணெய் மினுமினுப்பு இருந்தால் துடைத்துவிடுங்கள்.

கண்ணாடி அணிபவர் என்றால் அமெரிக்க விசா படத்துக்குக் கழற்றத்தான் வேண்டும். 2016 நவம்பரிலிருந்து அந்த விதி. கழற்றியதும் மூக்கின் இருபுறமும் பதிந்த தடம் மறைய நேரம் கொடுங்கள். மூக்குத்தி, கம்மல், பொட்டு எதுவும் முகத்தை மறைக்காத வரை சிக்கலில்லை. வாய் மூடியிருக்கட்டும், கண்கள் திறந்து நேராகப் பார்க்கட்டும். 'சிரிக்காதீங்க' என்று சொன்னால் பெரியவர்கள் முகம் இறுகிப்போகும். ஒரு தரம் மூச்சை இழுத்து விடச் சொல்லி, விட்டு முடிக்கும் இடத்தில் எடுங்கள், முகம் தானாகத் தளர்ந்திருக்கும்.

இப்போது தலைத்துணி. நீங்கள் கேட்டதில் மிகவும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியது இதுதான். மதக் கடமையாகத் தினமும் அணிகிற தலைமறைப்புக்கு மட்டும்தான் அமெரிக்க விதியில் இடம் உண்டு. அப்போதும் முகம் முழுவதும் தெரிய வேண்டும், துணியின் நிழல் முகத்தில் விழக்கூடாது. நம் ஹட்டிகளில் மூத்த பெண்கள் கட்டும் துணி வழக்கம், வயதுக்குரிய மரியாதை. அத்தையும் அப்படித்தான் கட்டுகிறார் என்றால் படத்துக்கு அதை எடுக்க வேண்டியிருக்கும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளைத் துணி கரைந்து தலையின் விளிம்பே தெரியாமல் போகும் என்பது வேறு. பத்து பேர் முன்னால் அந்தத் துணியை எடுப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கடையில் அப்படிக் கண்கலங்கிய பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் எடுக்கிறீர்கள் என்பதால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, நீங்களே எடுங்கள். ஏன் எடுக்கச் சொல்கிறோம் என்பதை முன்கூட்டியே, முந்தின நாளே சொல்லிவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு திடீரென்று சொல்லாதீர்கள்.

எடுத்தாயிற்றா? இனி அளவு. அமெரிக்க விசா படம் சதுரம், 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், அதாவது 51 மில்லிமீட்டர். தாடையிலிருந்து உச்சந்தலை வரை 25 முதல் 35 மில்லிமீட்டர். படத்தின் அடியிலிருந்து கண் வரை 28 முதல் 35 மில்லிமீட்டர். கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த வண்ணப்படமாக இருக்க வேண்டும். டி.எஸ். 160 என்ற இணைய விசா விண்ணப்பத்தில் ஏற்றும் படம் 600க்கு 600 பிக்சலிலிருந்து 1200க்கு 1200 வரை இருக்கலாம். ஜேபெக் கோப்பு, 240 கே.பி.க்குள். தலை, படத்தின் உயரத்தில் பாதியிலிருந்து 69 சதவீதம் வரை. உங்களுக்குச் சுலபமாக ஒரு கணக்கு: 600 பிக்சல் சதுரத்தில் தலை 300 முதல் 414 பிக்சலுக்குள் வர வேண்டும். 350 என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் இடம் இருக்கும்.

முதலில் சதுரமாக வெட்டுங்கள், பிறகு பிக்சலைக் குறையுங்கள், அதற்கப்புறமும் 240 கே.பி.யைத் தாண்டினால்தான் தரத்தைக் குறைக்க வேண்டும். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்து கட்டம் கட்டமாக உடைந்த படத்தை ஏற்றுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதுவே படத்தை நசுக்கிவிடும். அக்கா மகனுக்கு டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள், எடுத்தபடியே போகும். இணையதளம் படத்தை ஏற்றுக்கொண்டாலும் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம், கடைசி முடிவு அதிகாரி கையில். சென்னைக்குக் கிளம்பும்போது பிரிண்ட் இரண்டு கைப்பையில் இருக்கட்டும். படத்துக்காக மறுபடி மலை இறங்கும் நிலை வரக்கூடாது.

பிரிண்ட் சிறிதாக வந்ததற்குக் காரணம் அநேகமாக பிரிண்டரின் 'ஃபிட் டு பேஜ்' தேர்வு. காகிதத்துக்குள் அடங்க வேண்டுமென்று அது எல்லாவற்றையும் கொஞ்சம் சுருக்கும். அளவு 100 சதவீதம் என்று வையுங்கள். 'பார்டர்லெஸ்' என்பதைப் போட்டாலும் தப்பு. ஓரம் வெள்ளையாக விடுபடக்கூடாதென்று அது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கும். நான் செய்யும் முறை இது: 4×6 அங்குலத் தாளை 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 1200க்கு 1800 பிக்சலாகத் திறந்துகொள்ளுங்கள். 600 பிக்சல் படத்தை அதில் இரண்டு வைத்தால் போதும். கணக்குப்படி ஆறு படம் அடங்கும். ஆனால் ஓரத்தில் பிரிண்டர் விடும் சில மில்லிமீட்டர், படத்தைக் கடித்துவிடும். காலி இடத்தில் சரியாக 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள், இந்த அளவில் அது 591 பிக்சல். பிரிண்ட் வந்ததும் பள்ளிக்கூட ஸ்கேலை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். 50 இருந்தால் படமும் சரி. 46, 47 என்று இருந்தால் பிரிண்டர் சுருக்குகிறது என்று அர்த்தம். லேபுக்குக் கொடுத்தாலும் இந்தக் கோட்டோடு கொடுங்கள், 'கலர் கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே போடுங்க' என்று சொல்லிக் கொடுங்கள்.

தாள் ஃபோட்டோ பேப்பராக இருக்க வேண்டும். பளபளப்பு, மேட் இரண்டும் சரி. சாதாரண ஏ4 தாளில் போட்டதும், ஜெராக்ஸ் கடையின் கலர் லேசர் பிரிண்டும் வேண்டாம், அதில் புள்ளிகள் தெரியும். பிரிண்டர் தேர்விலும் ஃபோட்டோ பேப்பர் என்றே மாற்றுங்கள். நம் ஊர் ஈரத்தில் பிரித்த தாள் சுருண்டுபோகும், மை பரவும். மீதியை ஜிப் கவரில் போட்டு மூடி வையுங்கள். மழை மாதங்களில் பிரிண்டை ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்ட பிறகே வெட்டுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம், இரும்பு ஸ்கேலும் பிளேடும் வைத்து வெட்டுங்கள். படத்தில் ஸ்டேப்ளர் பின் அடிக்கக்கூடாது.

அப்புறம் குழந்தை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களை பாஸ்போர்ட் சேவா மையத்திலேயே படம் எடுத்துவிடுவார்கள். நாலு வயதுக்குக் கீழே என்றால் படத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அளவு 3.5க்கு 4.5 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி. அமெரிக்க அளவைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். 300 டி.பி.ஐ.யில் இது 413க்கு 531 பிக்சல், 4×6 தாளில் எட்டு அடங்கும்.

எட்டு மாதக் குழந்தையை உட்காரவைத்துப் போராட வேண்டாம். வெள்ளைப் போர்வையை விரித்துப் படுக்கவையுங்கள், குழந்தையின் தலை ஜன்னல் பக்கம் இருக்கட்டும். கால் பக்கம் ஜன்னல் இருந்தால் வெளிச்சம் தாடைக்குக் கீழிருந்து ஏறி முகம் வேறு மாதிரி தெரியும். நீங்கள் பக்கவாட்டில் நின்று, உங்கள் நிழல் விழாமல், நேர் மேலிருந்து எடுங்கள். குல்லாவையும் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் எடுத்துவிடுங்கள். பிடித்துக்கொண்டிருக்கும் கை எதுவும் படத்தில் தெரியக்கூடாது. பால் குடித்து, தூக்கம் வருவதற்கு முன்பான அந்த அரைமணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும். ஃபோனுக்குப் பின்னால் யாராவது சாவிக்கொத்தை ஆட்டட்டும். முப்பது நாற்பது எடுத்தால் ஒன்று கண்டிப்பாகச் சரியாக அமையும்.

எடுத்த படங்களை எனக்கு டாக்குமென்டாக அனுப்புங்கள், தலை அளவைச் சரிபார்த்துச் சொல்கிறேன். அத்தையின் விசா படம் முடிந்ததும் வேட்டியை உடனே அவிழ்த்துவிடாதீர்கள். தலைத்துணியைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, அதே வெளிச்சத்தில் அவருக்குப் பிடித்த மாதிரி இன்னொரு படம் எடுங்கள். அதற்கு மட்டும் ஒரு கறுப்புப் போர்வையைப் பின்னால் மாட்டிக்கொள்ளுங்கள், துணியின் வெள்ளை எடுப்பாகத் தெரியும்.